முப்பத்தெட்டு அங்குலம்

எந்தக் கம்பளி நூலாக இருந்தாலும், பின்ன ஆரம்பிப்பதற்கு முன்பு ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு ஒன்று பின்னி, அதை நனைத்துக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். பின்னல் கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேருக்கும் முதல் நாள் பாடமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை நானே செய்யாமல் விட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். எனக்கு முதல் என்று தோன்றுவது அதுதான்.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்பு நான் கம்பளி நூல் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். நூல் விற்பது, வாடிக்கையாளர்கள் கேட்கும் சுவெட்டரைப் பின்னிக் கொடுப்பது, சனிக்கிழமை காலையில் பெண்களுக்கு வகுப்பு எடுப்பது. என் அளவு தப்பாது என்று கடைக்கார அம்மா எல்லோரிடமும் சொல்லுவார். எனக்கு அழகு கிடையாது, பெரிய படிப்பு கிடையாது. அளவு தப்பாதவள் என்ற பெயர் மட்டும் இருந்தது. அதை நான் வைத்துக் கொண்டாடினேன் என்றால் பொய் இல்லை.

என் கணவர் தராசு பழுது பார்ப்பவர். கடை கடையாகப் போய்த் தட்டைச் சமன் செய்து, எடைக்கற்களைச் சரிபார்த்துக் கொடுப்பார். மாதத்தில் பத்து நாள் வெளியூர். ஆள் ஒல்லி. சந்தையில் அவரை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும், அவருடைய அம்மாவும். நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கைகள் எப்போதும் வெளுத்து, விரல் நுனியெல்லாம் ஊறிப்போன மாதிரி இருக்கும்.

அந்த வருடக் குளிருக்கு என் கணவருக்கு ஒரு சுவெட்டர் பின்னினேன். புதிதாக வந்த நூல். நனைந்த சிமெண்டுத் தரையின் நிறம். இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காது என்று அட்டையில் போட்டிருந்தது. சுருங்காது என்பதைப் படித்தேன். சுருங்காத நூல் தண்ணீரில் வேறு என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. அவருடைய மார்புச் சுற்று முப்பத்தாறு. தளர்வுக்கு இரண்டு சேர்த்து முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பித்தேன். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் பின்னி இரண்டு மாதத்தில் முடித்தேன். போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த உறை மாதிரி உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நனைத்து, விரித்து, சுற்றிலும் ஊசி குத்திக் காயவைக்க வேண்டும். படிய வைப்பது என்போம். பின்னலின் கண்ணிகளெல்லாம் ஒரே சீராகப் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுத் தூக்கினேன். தூக்கத் தூக்க வந்துகொண்டே இருந்தது. கைகள் இரண்டும் என் முழங்காலைத் தொட்டன. துண்டில் சுருட்டி மிதித்துப் பிழிந்து, பாயில் விரித்து, உள்பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி ஊசி குத்தினேன். மூன்று நாள் காய்ந்தது. அளந்தபோது மார்பு நாற்பத்தாறு. கைகள் விரல் நுனியைத் தாண்டி நாலு விரக்கடை தொங்கின.

பக்கத்தில் நின்று பார்த்த அத்தை சொன்னார்: "இந்த மாதிரி நூலு தண்ணி குடிச்சா பெருக்கும்மா. ஆஸ்பத்திரிப் போர்வையில பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவை ஊறும்போதும் இன்னும் கொஞ்சம் கூடும்."

நான் பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். என் கணவர் என் கையிலிருந்து சுவெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார்.

"பிரிக்காத. எனக்கு இது புடிச்சிருக்கு."

"சாக்குக்குள்ள பூந்த மாதிரி இருக்கு."

"காத்தோட்டமா இருக்கு. நீ ரெண்டு மாசம் உக்காந்து பின்னினது. இதுக்குப் போயி கத்தரியத் தூக்குற."

அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றவில்லை. சந்தையில் கிண்டல் செய்தார்களாம். உள்ளே ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறதா, வாடகைக்கு வரலாமா என்று பருப்புக் கடைக்காரர் கேட்டாராம். அதை வீட்டுக்கு வந்து சொல்லி அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போட்டுக்கொண்டு போனது சுவெட்டர் இல்லை, என் தவறு. ஊரெல்லாம் நடந்துபோனது. இதைப் போட்டுக்கொண்டு கடைப் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

ஒரு சனிக்கிழமை நான் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் எனக்குக் கண்ணி தெரியாது என்று அவருக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே தூறல். வகுப்பில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். கடைக்கார அம்மாவும் இருந்தார். நான் மாதிரித் துண்டை நனைத்து அளப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் வந்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கடைக்கார அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது யாரு பின்னினது?" என்று கேட்டார்.

"கடையில வாங்கினதும்மா" என்றேன். "மலிவா கெடச்சுதுன்னு எடுத்துட்டு வந்துட்டாரு. அவருக்கு அளவெல்லாம் தராசோட சரி."

பெண்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். "ஆமாங்க, மலிவுதான்" என்று கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை மேசை ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். சட்டத்தில் தூறல் பட்டிருந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு பாடத்தை முடித்தேன்.

அன்று சாயங்காலம் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழக்கமான வெளியூர்ச் சுற்று, மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் அடுப்படியில் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. திரும்பி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மழை வரும்போல இருக்கு, கொடியில துணி கெடக்குது" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அது.

மூன்றாம் நாள் வரவில்லை. ஆறாம் நாள் விசாரித்தோம். அவர் வழக்கமாகப் போகும் ஊர்க் கடைகளில் எதற்கும் போகவில்லை. தொளதொளவென்று சுவெட்டர் போட்ட ஒருவர் நல்ல மழையில் கால்வாய்ப் பாலத்து நிறுத்தத்தில் இறங்கினார் என்று ஒரு நடத்துநர் சொன்னார். அங்கே அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் போயிருப்பார் என்று ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். வேறு குடும்பம் இருக்கிறது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. நான் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடையில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசினார்கள். கடைக்கார அம்மா எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கால்வாய் மதகுக் கம்பியில் ஓர் ஆண் உடல் சிக்கியிருக்கிறது, முகம் அடையாளம் தெரியாது, மேலே கையால் பின்னிய சுவெட்டர் இருக்கிறது, வீட்டிலிருந்து யாராவது வந்து துணியைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை செருப்பை மாட்டினார்.

"நீங்க வேணாம் அத்தை. உங்களால தாங்க முடியாது. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

வயதானவரை அந்தக் கோலத்தைப் பார்க்கவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அத்தைக்கு ஈரக் கம்பளியைப் பற்றித் தெரியும் என்பது அப்போது என் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. உள்ளே போய் அளவு நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஏட்டு கேட்கவில்லை.

காவல் நிலையத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிமெண்டு மேடையில் அதை விரித்து வைத்திருந்தார்கள். சேறும் பாசியும் போக வாளித் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கை மார்போடு சேரும் இடத்தில் ஒரு கண்ணி கூடிப்போய், இரண்டை ஒன்றாக எடுத்து மறைத்திருப்பேன். என்னைத் தவிர யாருக்கும் கண்ணில் படாது. பத்தடி தூரத்திலிருந்தே அதைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், நல்ல மனிதர். "இதானாம்மா?" என்றார்.

"நான் பின்னினது முப்பத்தெட்டு அங்குலம் சார். தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். நீங்களே அளந்து பாத்துக்குங்க."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏட்டு டேப் பிடித்தார். ஐம்பத்தொன்று வந்தது. மறுபடி பிடித்தார். அதே ஐம்பத்தொன்று.

"முப்பத்தெட்டு எங்க, அம்பத்தொண்ணு எங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இது வேற எவனோ தடியன். உங்க வீட்டுக்காரரு ஒல்லின்னுதானே எழுதியிருக்கு?"

"ஒல்லிதான் சார்."

"அப்ப நல்ல சேதிதாம்மா. தைரியமா வீட்டுக்குப் போங்க."

உடலைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். துணியே அவருடையது இல்லை என்றான பிறகு உடல் எதற்கு சார் என்றேன். அது அவருக்கு நியாயமாகப் பட்டது. 'மேற்படி உடை என் கணவருடையது அல்ல' என்று ஏட்டு எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் வாயால் நான் சொன்னது எல்லாம் உண்மை. அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்.

"அவன் இல்லதானே?"

"இல்ல அத்தை. அளவே வேற."

அவர் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். எழுந்து வீட்டுக்கு வந்து, இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார். எனக்கும் பரிமாறினார். அந்த முகத்தைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்று எனக்குத் தோன்றியது. ஒரு தாயிடம் பிள்ளை இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்.

நஷ்டம் அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. உயிரோடு இருப்பவன் வர வேண்டும் அல்லவா. வரவில்லை என்றால் வர மனமில்லை என்று அர்த்தம். முதல் வருடம் முழுவதும் அத்தை அவருடைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம் பேருந்து நிலையமாகப் போனார். நானும் சில நாள் கூடப் போனேன். அவர் படத்தை நீட்டி விசாரிப்பார். நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டாம் வருடம் அவர் போவதை நிறுத்தினார். மகனுடைய சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்தார். புகைப்படத்தை அலமாரிக்குள் குப்புற வைத்தார். "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். என்னுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என் வயித்துல பொறந்தது உன்ன இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிடுச்சே. என்ன மன்னிச்சிடும்மா" என்று கேட்பார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அவர் கைகள் குளிர்ந்து, ஈரமாக இருப்பது போலவே இருக்கும். "அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை" என்று நான் சொல்லுவேன். அவர் மன்னிப்புக் கேட்பதை நான் ஒரு நாளும் தடுக்கவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், நான் ஒரு வாடிக்கையாளரின் சுவெட்டரைப் பாயில் விரித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அத்தை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"அன்னிக்குப் போலீஸ்ல அளந்தாங்களே. அது ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?"

தலையை நிமிர்த்தாமல், "காஞ்சுதான் இருந்துச்சு அத்தை" என்றேன்.

"தண்ணியில ஊறினா பெருக்கும்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அதையும் சேத்துப் பாத்துட்டுத்தான் இல்லன்னாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடம் ஈரத்துணியோடு வாழ்ந்தவர். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசியை நீட்டினார். தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு என்னை நம்பினார். மேடம், நான் சொன்ன பொய்களில் எனக்கு இன்று வரை உடம்பு கூசுவது அதற்குத்தான். காவல் நிலையத்தில் சொன்னதற்குக்கூட அவ்வளவு இல்லை.

என் கணவர் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. மழையில் நனைந்தால் அந்தக் கைகள் மடிப்பு அவிழ்ந்து விரலைத் தாண்டி இறங்கிவிடும். பாலத்துக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். தோளில் எடைக்கற்கள் இருந்த பை. தடுமாறிப் பிடிக்கப்போய்ப் பிடி கிடைக்காமல் போயிருக்கலாம். அப்படியென்றால் என் சுவெட்டர். இல்லை, தானாகவே விழுந்திருக்கலாம். அப்படியென்றால் சனிக்கிழமை வகுப்பில் நான் சொன்ன வார்த்தை. செத்தது அவர்தான் என்று தெரிந்திருந்தால், இரண்டில் எது என்று யாராவது விசாரித்திருப்பார்கள். செத்தது யார் என்றே தெரியாத ஒருவருக்காக யார் விசாரிப்பார்கள். அவர் ஓடிப்போனவராக இருக்கும் வரை நான் கைவிடப்பட்டவள். அவர் செத்தவர் என்று ஆனால் நான் யார் என்று எல்லோரும் கேட்பார்கள். மதகிலிருந்து எடுத்தவரை அநாதைப் பிணங்களுக்கான இடத்தில் எண் போட்டுப் புதைத்ததாகக் கேள்விப்பட்டேன். எண் அறுபத்தொன்று. வேறு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு தடவை பார்த்தேன். கிட்டே போகவில்லை.

அத்தை பதின்மூன்று வருடம் என்னோடு இருந்தார். கடைசியில் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவருக்கு எல்லாம் நான்தான் செய்தேன். குளிப்பாட்டி, தலை வாரி, மருந்து கொடுத்து, ஒரு குறையும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்னை மகள் என்றே நினைத்தார்கள். இறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அவருக்கு நல்ல தெளிவு இருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சன்னலில் வெயில் அடித்தது.

"நான் செத்த சேதிய அவனுக்குச் சொல்லாத" என்றார். "என்னைக்காவது வந்தான்னா, வாசப்படி ஏற விடாத. உங்கம்மா உன்ன மன்னிக்காமலேயே போயிட்டான்னு மட்டும் சொல்லு."

அவருக்கு மூச்சு வாங்கியது. மறுபடி பேசுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரம் எனக்குப் போதும். ஒரே ஒரு வாக்கியம். பதின்மூன்று வருடத்துக்கு முன்பே உங்கள் பிள்ளை போய்விட்டான், அவன் உங்களை விட்டு ஓடவில்லை. அதைக் கேட்டால் அவர் மனசு ஆறியிருக்கும். ஆனால் கேட்டுவிட்டு என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டிருப்பார்.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. அவரை மன்னிச்சிடுங்க. நானே மன்னிச்சிட்டேனே" என்றேன்.

அப்போது மருந்து கொடுக்க உள்ளே வந்த நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அத்தை அவளிடம் திரும்பி, "பாத்தியா, தங்கம். அந்தப் பாவிக்கு இவள வச்சு வாழக் குடுத்து வைக்கல" என்றார். நர்ஸ் என் தோளைத் தொட்டாள். எனக்கு அது நன்றாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இல்லை. நன்றாக இருந்தது. வெட்கம் பிறகு வந்தது. வந்ததிலிருந்து போகவில்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். மன்னிக்கவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். சாலையை அகலப்படுத்துவதற்காக அந்த அநாதைப் புதைகுழிகளை இடம் மாற்றுகிறார்கள், காவல் நிலையத்தில் வைத்திருந்த பழைய துணி மூட்டைகளைப் பிரித்து, காணாமல் போனவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறோம் என்று நேற்றுக் காலை வந்தீர்கள். காகிதப் பையிலிருந்து அதை எடுத்து என் மேசையில் விரித்தீர்கள். காய்ந்து, பழுப்பேறி, அங்கங்கே பூச்சி அரித்திருந்தது. "அவசரம் இல்லம்மா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டீர்கள். நான் பார்த்துவிட்டு ஒரு பதில் சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படி இறங்கினீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டதால்தான் பின்னாலேயே வந்து கூப்பிட்டேன்.

அத்தைக்காகத்தான் மறைத்தேன் என்று உங்களிடம் படியில் நின்றே சொன்னேன். பெற்றவளால் தாங்க முடியாது என்றுதான் எல்லாம் என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். இரக்கப்பட்டீர்கள் என்றுகூட நினைக்கிறேன். அதனால் இதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். அத்தை இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நேற்று அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும், தெரிகிறதா என்று நீங்கள் கேட்டபோது, "தெரியலையே மேடம், யாருது?" என்றுதான் நான் கேட்டேன்.